அறுந்த ஆனோடு கேபிளுக்கு டேப் போதுமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையின் டீசல் தொட்டியும் தீயணைப்புக் குழாயும் மண்ணுக்கடியில் இருக்கின்றன. துருப் பிடிக்காமலிருக்க ஒரு ரெக்டிஃபயரும் (ஏசி கரன்ட்டை டிசியாக்கும் பெட்டி), அந்தக் கரன்ட்டை மண் வழியாகத் தொட்டிக்கும் குழாய்க்கும் அனுப்பும் ஆறு சிலிக்கான் இரும்பு ஆனோடுகளும் (மண்ணில் புதைத்த உலோகத் தண்டுகள்) வைத்திருக்கிறோம். மழைநீர் வடிகால் வெட்டும்போது ஜேசிபி பட்டு இரண்டு ஆனோடு கேபிள்கள் அறுந்தன. எலக்ட்ரீஷியன் முறுக்கி டேப் சுற்றி மண்ணை மூடினார். முதலில் சரியாகத்தான் ஓடியது. இப்போது அதே 14 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குப் பதில் 6 ஆம்பியர்தான் போகிறது. தொட்டியின் ரீடிங் மைனஸ் 1.05 வோல்ட்டிலிருந்து மைனஸ் 0.78 ஆகிவிட்டது. கான்ட்ராக்டர் ஆறு ஆனோடையும் மாற்றச் சொல்கிறார். பழுது பார்க்க வழியில்லையா? அந்த ரீடிங்கை ஒப்பிட்டு அளக்கப் புதைத்து வைத்த ரெஃபரன்ஸ் செல்லும் தாறுமாறாகக் காட்டுகிறது.

பதில்: ஆறையும் மாற்ற அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போனது ஆனோடு அல்ல, அந்த டேப் ஜாயின்ட்.

வீட்டு வயரிங்கில் டேப் சுற்றினால் வேலை முடிந்தது. ஆனோடு கேபிளில் கதையே வேறு. அது ரெக்டிஃபயரின் பாசிடிவ் பக்கம். அங்கே செம்பு ஈரமண்ணைத் தொட்டால் அந்த இடமே ஒரு ஆனோடாகிக் கரையத் தொடங்கும். சிலிக்கான் இரும்பு ஒரு ஆம்பியருக்கு ஆண்டுக்கு 1 கிலோவுக்கும் குறைவாகத்தான் கரையும்; செம்போ 10 கிலோ வரை போகும். 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு சென்டிமீட்டர் செம்பின் எடை ஒன்றரை கிராம்கூட இல்லை. டேப் இடுக்கு வழியாக வெறும் 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலும், கணக்குப்படி ஒரே நாளில் அந்த ஒரு சென்டிமீட்டர் காலி. நெகடிவ் கேபிளில் இதே கீறல் விழுந்தால் இவ்வளவு பதற வேண்டாம். தொட்டியைப் போல அந்தச் செம்பும் பாதுகாப்புக்குள்தான் இருக்கும்.

தோண்டுவதற்கு முன் ஆனோடு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு ஷன்ட் (கரன்ட்டை அளக்க உதவும் சிறு ரெசிஸ்டன்ஸ்) இருக்கும். அதன் இரு முனையிலும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். 0.01 ஓம் ஷன்ட்டில் 15 மில்லிவோல்ட் காட்டினால் 1.5 ஆம்பியர் போகிறது என்று அர்த்தம். நான்கு ஆனோடுகள் அந்த அளவில் காட்டி, இரண்டு மட்டும் பூஜ்யத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். கோடையில் மண் காய்ந்து கரன்ட் குறைவது சென்னையில் சகஜம்தான். ஆனால் அப்போது ஆறும் சேர்ந்து குறையும்.

சரி, பழுது எப்படிப் பார்ப்பது? ரெக்டிஃபயரை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி பூட்டுப் போடுங்கள். அப்புறம் கடப்பாரை, மண்வெட்டியோடு ஆள் வைத்துத் தோண்டுங்கள். ஜேசிபி இனி அந்தப் பக்கமே வர வேண்டாம். டேப்பைப் பிரித்தால் நீலப்பச்சைப் பொடிதான் இருக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஈரம் இன்சுலேஷனுக்குள்ளேயே தூரம் ஓடியிருக்கும். புதுக் காசு மாதிரி செம்பு பளபளக்கும் இடம் வரை கேபிளை வெட்டிக்கொண்டே போங்கள். ஓர் அடியும் ஆகலாம், ஒரு மீட்டருக்கு மேலும் ஆகலாம்.

இந்த நிலையில் ஆனோடு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு துண்டு கேபிளைத் தற்காலிகமாகப் போல்ட்டில் இணைத்து, ஜாயின்ட் மண்ணைத் தொடாமல் பிடித்து, குழியில் யாரும் இல்லாதபோது ரெக்டிஃபயரைப் போட்டு ஷன்ட்டைப் பாருங்கள். மற்ற நான்கின் அளவுக்கு வந்தால் ஆனோடு நல்ல நிலையில் இருக்கிறது. பாதிகூட வராவிட்டால் அது உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். சிலிக்கான் இரும்பு கெட்டியானதே தவிர, அடி தாங்காது. ஜேசிபி பக்கெட் இடித்தால் உடைந்துவிடும். அதை ஒட்ட வைக்க வழியே இல்லை. ஆனோடின் தலையை ஒட்டிக் கேபிள் அறுந்திருந்தாலும் அதே கதிதான். அந்த இணைப்பு தொழிற்சாலையில் சீல் செய்யப்பட்டது, குழியில் உட்கார்ந்து செய்யக்கூடியதல்ல. அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழையதைக் கேபிளைப் பிடித்து இழுக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். சற்றுத் தள்ளிப் புதுக்குழி எடுத்து, சுற்றிலும் கோக் பிரீஸை (கோக் கரித்தூள்) நன்றாக இடித்து நிரப்புங்கள். தளர்வாகக் கொட்டிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. கூடவே நின்று பாருங்கள்.

ஆனோடு நன்றாக இருந்தால் ஜாயின்ட்தான் வேலை. முறுக்கக் கூடாது. கம்ப்ரஷன் ஸ்லீவ் என்ற உலோகக் குழலுக்குள் இரு முனைகளையும் விட்டு, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்து, அச்சுக்குள் எபாக்ஸி ஊற்றும் கேபிள் ஜாயின்டிங் கிட்டால் மூடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கேபிளின் மேலுறை பாலிஎத்திலீன், எபாக்ஸி அதில் லேசில் ஒட்டாது. எபாக்ஸி பிடிக்கும் நீளம் முழுவதும் எமரித் தாளால் சொரசொரப்பாக்கி, சால்வென்ட்டால் துடைத்து, காயவிட்ட பிறகே ஊற்ற வேண்டும். மழை தூறும்போது செய்யவே கூடாது. முடித்தபின் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். ஆனோடு மண்ணிலேயே இருப்பதால் மெகர் எப்படியும் எர்த்தைத்தான் காட்டும். அதனால் முடிந்தவரை மண்ணுக்குள் ஜாயின்ட்டே வேண்டாம் என்பேன். ஆனோடு பக்கக் கேபிள் போதிய நீளம் மிஞ்சியிருந்தால், அதைத் தரைக்கு மேல் கொண்டுவந்து, வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு சிறு பாக்ஸ் வைத்து இணைத்துவிடுங்கள். கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், அடுத்த ஜேசிபிக்காரரின் கண்ணிலும் படும்.

திரும்ப ரெக்டிஃபயரைப் போடும்போது பாசிடிவ், நெகடிவ் மாறவில்லை என்பதை இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள். மாறினால் தொட்டியே ஆனோடாகிவிடும். ஒரு ஆம்பியருக்கு ஆண்டுக்கு 9 கிலோ இரும்பு கரையும். போட்டதும் தொட்டியின் ரீடிங் மைனஸ் பக்கம் இன்னும் கூட வேண்டும். குறைந்தால் உடனே அணையுங்கள். சில நாட்கள் ஓடவிட்டு, கரன்ட்டை அணைத்த கணத்தில் ரீடிங் எடுங்கள். செம்பு-காப்பர் சல்பேட் செல்லை வைத்து மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதைவிட மைனஸ் பக்கம் கூடுதலாக இருந்தால் போதும். இன்னும் பலமாக இருக்கட்டும் என்று மைனஸ் 1.2ஐத் தாண்ட விடாதீர்கள், தொட்டியின் மேல் பூசிய கோட்டிங் பெயர்ந்துவிடும்.

புதைத்த ரெஃபரன்ஸ் செல் காய்ந்து போயிருக்கலாம். அதைப் பழுது பார்க்க முடியாது. கையில் எடுத்துச் செல்லும் செல்லை அதற்கு மேலே, தண்ணீர் ஊற்றி நனைத்த மண்ணில் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் புதிது புதைத்துவிடுங்கள். கையடக்கச் செல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு செல்களை முனையோடு முனை வைத்தால் 5 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் செம்புத் தண்டை உப்புத்தாளால் தேய்த்து (இரும்பு நார் ஆகாது), கரையாத படிகம் அடியில் மிஞ்சும்படி புது காப்பர் சல்பேட் கரைசல் நிரப்புங்கள். செல்லின் உடம்பு உள்ளே தெரியும்படி கண்ணாடி மாதிரி இருந்தால் அதன் மேல் கருப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நம்மூர் வெயில் பட்டாலே ரீடிங் நகரும்.