முகம் மட்டும் பச்சையாக வருகிறதா? போட்டோ பிரிண்டர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டோடு சேர்த்துச் சின்ன ஸ்டுடியோ நடத்துகிறேன். ஆறு நிற இங்க் டேங்க் பிரிண்டர். சில வாரங்களாகப் பாஸ்போர்ட் போட்டோவில் முகம் மட்டும் பச்சையடிக்கிறது. பட்டுச் சேலை, குங்குமம் எல்லாம் சரியாகவே வருகின்றன. ஹெட் (தாளில் இங்கைத் தெளிக்கும் பாகம்) கிளீனிங் கொடுத்துக் கொடுத்து இங்க் பாதி தீர்ந்துவிட்டது. ஹெட்டை மாற்றச் சொல்கிறார் சர்வீஸ்காரர். புது மெஷின் விலையில் பாதி கேட்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கிளீனிங் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

குங்குமம் சரியாக இருந்து முகம் மட்டும் பச்சையானால் முதல் சந்தேகம் லைட் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு இங்க் மீதுதான். கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய நான்கோடு லைட் சயான், லைட் மெஜந்தா என்று இரண்டு இளநிறங்களும் இந்த மெஷின்களில் உண்டு. தோல் நிறத்துக்குப் பெரும்பாலும் இளநிறங்கள்தான் வேலை செய்கின்றன. அழுத்தமான சிவப்பை அடர் மெஜந்தா பார்த்துக்கொள்ளும். ஆகவே லைட் மெஜந்தா நின்றால் முகம் பச்சை, லைட் சயான் நின்றால் முகம் செக்கச்செவேல். கேனான் ஜி570 போன்றவற்றில் இளநிறங்களுக்குப் பதில் சிவப்பும் சாம்பலும் இருப்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

சாதாரண ஏ4 தாளில் நாசில் செக் போடுங்கள். ஹெட்டின் நுண்துளைகள் எல்லாம் இங்க் விடுகின்றனவா என்று காட்டும் கோட்டுச் சோதனை அது. லைட் மெஜந்தா, மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால்தான் பலர் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று நினைத்துவிடுகிறார்கள். அறையை இருட்டாக்கி, போன் திரையில் முழுப் பச்சை நிறத்தை வைத்து அந்த வெளிச்சத்தில் பாருங்கள். மெஜந்தா கோடுகள் கறுத்துத் தெரியும். மஞ்சளுக்கு நீலத் திரை. எந்த இடத்தில் கோடு விட்டிருக்கிறது என்று வட்டமிட்டு, தேதி எழுதி வையுங்கள்.

பிறகு ஒரே ஒரு கிளீனிங், மறுபடியும் நாசில் செக். இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். விட்ட இடம் அதே இடத்தில் இருந்தால் இங்க் காய்ந்து அடைத்திருக்கிறது. விட்ட இடம் தாளுக்குத் தாள் மாறினால் அது அடைப்பில்லை, குழாயில் காற்று அல்லது இங்க் வரத்துக் குறைவு. இந்த இரண்டாவது வகையில் கிளீனிங் கொடுக்கக் கொடுக்க நிலைமை மோசமாகும். டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். எப்சன் எல்805 போன்ற பழைய மாடல்களில் வண்டியில் ஏற்றிச் செல்வதற்கென்று ஒரு பூட்டு உண்டு. கடையை மாற்றும்போது திருப்பிவிட்டு, மறுபடி 'பிரிண்ட்' நிலைக்குக் கொண்டுவர மறந்துபோனால் படம் நன்றாகத் தொடங்கிப் போகப் போக வெளிறும்.

அடைப்புதான் என்றால் நாசில் செக், கிளீனிங் என்று மூன்று சுற்று. அதற்கு மேல் வேண்டாம். பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் காய்ந்த இங்க் ஊறும், காற்றுக் குமிழி மேலேறும். மறுநாள் மறுபடி ஒரு சுற்று. அப்போதும் கோடு விட்டிருந்தால் மட்டும், குழாயில் இருக்கும் இங்கையும் இழுத்து வெளியேற்றும் பவர் கிளீனிங், சில மாடல்களில் பவர் இங்க் ஃபிளஷிங் என்று இருக்கும். எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். குழாயில் காற்று ஏறி ஹெட்டே பாழாகலாம். அடுத்த பவர் கிளீனிங்குக்கும் 12 மணி நேர இடைவெளி வேண்டும். உறிஞ்சிய இங்க் எல்லாம் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது. அது நிரம்பினால் மெஷின் நின்றுவிடும்.

இத்தனைக்கும் அசையவில்லையா? ஹெட்டுக்கு முன்னால் கேப்பிங் ஸ்டேஷனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட் வந்து உட்காரும் ரப்பர் மூடி அது. அதன் விளிம்பில் தூசியும் இங்க் கட்டியும் சேர்ந்தால் உறிஞ்சும் விசை ஹெட்டுக்கு வராது, எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் பலன் இராது. துடைக்கும் வைப்பர், பம்ப் குழாய் இரண்டையும் சேர்த்துச் சுத்தம் செய்ய ஆகும் செலவு ஹெட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. சிரிஞ்சால் வேகமாகத் தண்ணீர் அடித்து ஹெட்டைக் கழுவுகிறேன் என்று வருபவரிடம் கொடுக்கவே வேண்டாம். ஹெட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நாசில் செக் தாள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அடைப்புக்கு முக்கியக் காரணம் சுவரில் இருக்கும் ஸ்விட்சு. இரவில் மெயினை அணைத்தால் சில சமயம் ஹெட் மூடிக்குள் போய் உட்காராமல் திறந்தபடி நிற்கும். பிரிண்டரின் பட்டனை அழுத்தி, விளக்கு முழுதாக அணைந்த பிறகு மெயினை அணையுங்கள். வேலையில்லாத வாரத்திலும் எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு 4×6 படமாவது போடுங்கள்.

கேள்வி: நாசில் செக் குறையே இல்லை. ஆனால் வானம், சுவர் போன்ற இடங்களில் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுகின்றன.

பதில்: பிரிண்டர் டிரைவரில், அதாவது கம்ப்யூட்டரில் வரும் அச்சு அமைப்பில், பேப்பர் வகையைப் பாருங்கள். போட்டோ பேப்பரை வைத்துவிட்டு 'பிளெயின்' என்று விட்டிருந்தால் இங்க் அளவும் தாள் நகரும் அளவும் தவறும். பிறகு ஹெட் இரு திசையிலும் அச்சிடும் 'ஹை ஸ்பீட்' அல்லது 'பைடைரக்‌ஷனல்' குறியை எடுத்துவிட்டு, தரத்தை ஒரு படி ஏற்றுங்கள். நேரம் கூடும், கோடு பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஹெட் அச்சிடும் இடத்தை நேர்படுத்தும் ஹெட் அலைன்மென்ட். நேர்க்கோடுகள் இரட்டையாகத் தெரிந்தாலும் இதே மருந்துதான்.

கேள்வி: 180 ஜி.எஸ்.எம். கிளாஸி பேப்பர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். முடி, கோட் போன்ற கறுப்பு இடங்களில் இங்க் திட்டுத் திட்டாகத் தேங்குகிறது, தொட்டால் ஒட்டுகிறது. பேப்பர் போலியா?

பதில்: போலி என்று சொல்ல முடியாது, ரகம் வேறு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை, தரமல்ல. சந்தையில் இரண்டு வகை இருக்கிறது. காகிதத்தின் மேலேயே பளபளப்புப் பூசியது காஸ்ட் கோட்டட். பின்பக்கம் வெறும் காகிதமாக இருக்கும், நனைந்தால் நெளியும், குறைந்த இங்கைத்தான் தாங்கும். ஆர்.சி. எனப்படும் ரெசின் கோட்டட் தாளுக்கு இருபுறமும் பிளாஸ்டிக் உறை. லேபில் போட்ட படம்போல விறைப்பாக இருக்கும், பெரும்பாலும் 200 ஜி.எஸ்.எம்.முக்கு மேல். 'பிரீமியம் கிளாஸி' என்று டிரைவரில் தேர்ந்தெடுத்தால் மெஷின் ஆர்.சி.க்குரிய இங்கைக் கொட்டும். காஸ்ட் கோட்டட் தாளுக்கு ஒரு படி குறைந்த 'போட்டோ பேப்பர் கிளாஸி' அல்லது 'மேட்' அமைப்பில் ஒரு சிறு படம் போட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட்டில் எந்த அமைப்பு சரி என்று கண்டுபிடித்தால் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

தப்பான பக்கம் வைத்தாலும் இதே கோலம்தான். விரலை லேசாக நனைத்துத் தாள் மூலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டுகிற பக்கம் பிரிண்டுக்குரியது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிரித்த பாக்கெட்டைத் திறந்து போட்டால் நல்ல பேப்பரும் இப்படித்தான் செய்யும். ஜிப் கவர் போதும். லேமினேஷன் போடுவதற்கு முன் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரு நாள் காயவிடுங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் பிரகாசமாக இருக்கும் படம் அச்சில் இருண்டு, நிறம் மாறி வருகிறது.

பதில்: இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மானிட்டர், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். நிறம் மாறுவதற்குக் காரணம் இரட்டை நிர்வாகம். ஃபோட்டோஷாப் நிறத்தைக் கவனிக்கிறது என்றால் டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தினால் தோல் ஆரஞ்சாகும்.

கேள்வி: கடைக்காரர் 'கம்பேட்டிபிள்' இங்க் கொடுத்தார். முதல் சில படங்கள் அருமை, பிறகு நிறமே வேறு. மாற்றித் தர மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா? நான் ஸ்டுடியோக்காரன் என்பதால் நுகர்வோர் இல்லை என்கிறார்.

பதில்: குழாயில் பழைய இங்க் தீரும் வரைதான் அந்த அருமை. டிரைவரில் இருக்கும் நிறக் கணக்கு எல்லாம் கம்பெனி இங்குக்காகப் போட்டது. வேறு இங்க் போட்டால் அதற்கென ஐ.சி.சி. புரொஃபைல் (நிறத்தைத் திருத்தும் கணக்குக் கோப்பு) செய்ய வேண்டும். பாட்டிலில் 'டை' (கரையும் சாயம்) என்று இருக்கிறதா, 'பிக்மென்ட்' (கரையாத நிறத்துகள்) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகமிருந்தால் சாதாரணத் தாளில் அச்சிட்டுக் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்து பரவினால் டை, நின்றால் பிக்மென்ட். டை மெஷினில் பிக்மென்ட் ஊற்றியிருந்தால் உடனே நிறுத்துங்கள். இரண்டும் கலந்தால் குழாயிலேயே கட்டியாகலாம்.

கடைக்காரர் சொல்வது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கித் தானே பயன்படுத்துபவரைப் பிரிவு 2(7)-இன் விளக்கம் காப்பாற்றுகிறது. ஜி.எஸ்.டி. பில், பாட்டில் லேபிள் படம், இங்க் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரிண்டுகள் எல்லாம் இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வாங்கிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில் இல்லாமல் வாங்கியிருந்தால்? வழக்கு நிற்பது கஷ்டம். அந்த இங்கை வடித்துவிட்டு நல்ல இங்க் ஊற்றும் செலவோடு போகட்டும்.