பைத்தானில் புதிது புதிதாகச் சேர்க்கிறார்களே, வேறு மொழிக்கு மாறட்டுமா?

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவிலிருந்தே பைத்தான்தான். புது இலக்கணமாகச் சேர்த்துச் சேர்த்து அதன் அழகையே கெடுத்துவிட்டார்கள், ‘கோ’ (Go) என்ற நிரல்மொழிக்கு மாறிவிடு என்கிறார் சீனியர். மாறட்டுமா?

பதில்: மாற வேண்டாம் தம்பி. ஆனால் சீனியர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஒரு வேலைக்குத் தெளிவான வழி ஒன்றே இருப்பது நல்லது என்பது பைத்தானின் பழைய கொள்கை. நடப்பதோ வேறு. ஒரு வாக்கியத்துக்குள் பெயரையும் மதிப்பெண்ணையும் பொருத்த % குறி இருந்தது, அப்புறம் ஃபார்மட் வந்தது, 2016-இல் எஃப்-ஸ்ட்ரிங் வந்தது. மூன்றில் படிக்கச் சுகமானது கடைசியாக வந்ததுதான். என்னைக் கேட்டால், புதியது வந்ததால் அழகு கெடவில்லை. பழையது போகாததால்தான் கெட்டது. வேலைக்குப் போனால் மூன்றையும் ஒரே புராஜெக்ட்டில் பார்ப்பீர்கள். எழுத ஒன்று போதும், படிக்க மூன்றும் தெரிய வேண்டும்.

ஒரு மதிப்பைப் பெயருக்குள் போட்டு, அதே வரியில் அதைப் பயன்படுத்தவும் விடும் := குறியை வைத்து 2018-இல் நடந்த சண்டையில் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமே தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும் வைல் லூப்பில் அது ஒரு வரியை மிச்சப்படுத்தும். மற்ற இடங்களில் அது இல்லாமலே எழுதுங்கள்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது, ஒரு மதிப்பு எந்த வடிவத்தோடு பொருந்துகிறது என்று பார்த்து அதற்கேற்ற வேலையைச் செய்யும் மேட்ச்-கேஸ். சி மொழியின் ஸ்விட்ச் மாதிரிதானே என்று நினைத்து, 200 என்ற மதிப்புள்ள ஒரு மாறியின் பெயரை வெறுமனே கேஸுக்குப் பக்கத்தில் எழுதினால், பைத்தான் ஒப்பிட்டுப் பார்க்காது. வந்த மதிப்பைத் தூக்கி அந்தப் பெயருக்குள் போட்டுக்கொள்ளும். 404 வந்தாலும் பொருந்திவிடும். இன்டர்வியூவில் இதைக் கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும்.

‘கோ’வும் தப்பவில்லை. அம்சங்கள் குறைவு என்பதே பெருமையாக இருந்த அந்த மொழியிலும் 2022-இல் ஜெனரிக்ஸ் (ஒரே ஃபங்ஷனைப் பல டேட்டா வகைகளுக்குப் பயன்படுத்தும் வசதி) சேர்த்துவிட்டார்கள். சர்வர் பக்க வேலையில் ஆர்வம் வந்தால் மூன்றாம் ஆண்டில் தாராளமாகப் படியுங்கள். அழகைத் தேடி ஓட வேண்டாம்.

இன்னொன்று, கேம்பஸ் ஆன்லைன் தேர்வில் பைத்தானின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். 3.10-க்கு முந்தையது என்றால் மேட்ச் எழுதியதுமே சின்டாக்ஸ் எரர்தான்.