வளையல் போடலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது

கேள்வி: எனக்கு 27 வயது, தலைப்பிரசவம், இப்போது 30 வாரம். போன வாரப் பரிசோதனையில் பிரஷர் 146/94 இருந்தது. நான்கு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள், 144/92. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். லேபட்டலால் மாத்திரை கொடுத்து, வாரம் இருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கோ தலைவலிகூட இல்லை, காலில்தான் வீக்கம். ‘பார்லிக் கஞ்சி குடித்தால் வடிந்துவிடும், மாத்திரை பிள்ளைக்கு ஆகாது’ என்கிறார் என் மாமியார். வரும் ஞாயிறு வளைகாப்பு. அன்றே அம்மா வீட்டுக்குப் போகிறேன், மூன்று மணி நேரப் பயணம். மாத்திரையை நிறுத்தலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. வளைகாப்பை யாரும் தடுக்கப்போவதில்லை. பயணம் போகலாமா என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. மாசமாக இருக்கும் பெண்களில் பலருக்குக் கால் வீங்கத்தான் செய்யும், பார்லிக் கஞ்சியால் கெடுதலும் இல்லை. ஆனால் உங்களுக்கு மாத்திரை கொடுத்தது கால் வீக்கத்துக்காக அல்ல. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அதற்குப் பெயர் ப்ரீஎக்லாம்ப்சியா. இது வந்த பெண்கள் பலர் உங்களைப் போலவே ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார்கள். எனக்குக் கவலை தருவதே அந்த வாக்கியம்தான்.

கோளாறு தொடங்கும் இடம் நஞ்சுக்கொடி. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். அப்படி அகலாதபோது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல், அது வெளியிடும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களைப் புண்படுத்துகின்றன. பிரஷர் ஏறுவதும் சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவதும் அதனால்தான். நீங்கள் சாப்பிட்டதோ, கோபப்பட்டதோ காரணம் இல்லை. மாத்திரையும் இந்த நோயைத் தீர்க்காது. பிரஷர் எகிறி மூளையில் ரத்தம் கசியாமல் காவல் நிற்கும், அவ்வளவுதான். லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்துகள். அதே சமயம், உங்கள் மாத்திரை தீர்ந்துபோன அன்று ‘இதுவும் பிரஷர் மாத்திரைதானே’ என்று வீட்டுப் பெரியவர்களின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கிவிடாதீர்கள். எனாலாப்ரில், லோசார்ட்டான் போன்றவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி அம்மா வீடு. நான் அதிகம் அஞ்சுவது இந்த இடைவெளியைத்தான். இங்கே பார்த்துவந்த மருத்துவரை விட்டாயிற்று, அங்கே ‘வந்த களைப்பு ஆறட்டும்’ என்று இரண்டு வாரம் ஓடிவிடும். மருத்துவர் பயணத்துக்குச் சரி என்றால் பரிசோதனை அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்) எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த மறுநாளே, அறுவை அரங்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில் காட்டுங்கள். போட்ட வளையலைக் கழற்றச் சொல்வார்களோ என்று சிலர் பரிசோதனைக்கே தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிரஷர் பட்டையை முழங்கைக்கு மேலேதான் கட்டுவார்கள். வளையல் அதுபாட்டுக்கு இருக்கலாம்.

அங்கே ரத்தத் தட்டணுக்கள், ஈரல், சிறுநீரகம், பிள்ளையின் வளர்ச்சி எல்லாவற்றையும் அடிக்கடி பார்ப்பார்கள். கட்டுக்குள் இருந்தால் 37 வாரத்தில் பிரசவம். அதற்கு முன்பே நிலைமை மோசமானால் பிள்ளையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசியும், உங்களுக்கு வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்ஃபேட்டும் போடுவார்கள். மெக்னீசியம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பயந்துவிடாதீர்கள். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், இந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது.

விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, காலையில் முகம் உப்பி மோதிரம் கழலாமல் போவது, பிள்ளையின் அசைவு குறைவது, பிரஷர் 160/110-ஐத் தொடுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அந்த விலா வலியை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றை உங்கள் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். பிள்ளை பிறந்ததுமே பிரஷர் இறங்கிவிடாது. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஏறலாம், வலிப்பும் அப்போது வரலாம். பத்தியச் சாப்பாட்டோடு மாத்திரையும் தொடரட்டும். நிறுத்தும் நாளை மருத்துவர் சொல்வார். அடுத்த முறை கருத்தரித்தால் 12 வாரத்துக்குள் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இது திரும்ப வராமலிருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினை அப்போதே தொடங்குவார்கள்.