அண்ணன் கொடுத்த அறை

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை, மாதம் 900 வெள்ளி. ஓராண்டு ஒப்பந்தம், ஒரு மாத டெபாசிட். கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சமைக்கக் கூடாது, நண்பர்கள் வரக் கூடாது என்று ஐந்து மாதமாகப் பாடாய்ப் படுத்தினார். இப்போது, "ஓனர் வீட்டைக் கேட்கிறார், பத்து நாளில் காலி செய்" என்கிறார். டெபாசிட் ஏர்கான் சர்வீசுக்குச் சரியாகிவிட்டதாம். வீவகவில் புகார் கொடுத்து ஒரு கை பார்க்கலாமா? இந்த மாத வாடகையை நிறுத்திவிடட்டுமா? நான் எஸ் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கிறேன்.

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரி: "ஓனர் வீட்டைக் கேட்கிறார்." அப்படியென்றால் அண்ணனே வாடகைக்கு இருப்பவர். வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதை உள்வாடகைக்கு விட முடியாது. உரிமையாளர்தான் முன்கூட்டியே அனுமதி வாங்கி, தங்குபவர்களின் பெயரைப் பதிய வேண்டும். அங்கே உங்கள் பெயர் இருக்காது என்றே நினைக்கிறேன்.

சமையல், நண்பர்கள், ஊர்ப் பாசம் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். அதற்கெல்லாம் யாரும் ஒரு வெள்ளிகூட வாங்கித்தர மாட்டார்கள். அந்த ஓராண்டும் உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. தன்னிடம் இல்லாததை அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். மிஞ்சுவது 900 வெள்ளி டெபாசிட்.

இனி புகார். கோபத்தில் எழுதிப் போட்டுவிட்டு, முதலில் பெட்டியைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிகாரிகள் கதவைத் தட்டினால், அனுமதியில்லாமல் தங்கியவர் நீங்களும்தான். உங்கள் நிறுவனம் மனிதவள அமைச்சிடம் எந்த முகவரியைப் பதிந்திருக்கிறது? "ஈசூனில் இருக்கும் மச்சான் முகவரியைக் கொடுத்துவிடு" என்று அறை கொடுப்பவர்களே சொல்லித்தருவார்கள். நீங்களும் அப்படிக் கொடுத்திருந்தால் விஷயம் டெபாசிட்டோடு நிற்காது, பாஸ் வரைக்கும் போகும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று. "காசைக் கொடு, இல்லையென்றால் வீவகவுக்குச் சொல்வேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடாதீர்கள். உங்கள் பணத்தைத்தான் கேட்கிறீர்கள். ஆனால் மிரட்டிப் பறித்ததாக அவர் அதைக் காவல் நிலையத்தில் காட்டுவார். ராத்திரி பதினொரு மணிக்கு எழுதும் செய்திகளில்தான் வழக்கோடு என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்மால் கிளெய்ம்ஸுக்கு, அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர்கள் வர முடியாது, அதனால் இதில் எனக்கு வருமானமும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டினீர்களா? மொத்த வாடகை 10,800 வெள்ளிக்கு 0.4 சதவீதம், அதாவது 43 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஒப்பந்தம் ஆதாரமாகாது. இப்போது கட்டினால் வரியைப் போல் நான்கு மடங்குவரை அபராதம் வரும். போதாக்குறைக்கு, விதிக்குப் புறம்பான ஏற்பாட்டை வைத்துப் பணம் கேட்கலாமா என்ற கேள்வியையும் அவர் கிளப்புவார்.

டெபாசிட்டில் கழித்துக்கொள் என்று வாடகையை நிறுத்துவது இங்கே ஊரறிந்த பழக்கம். தானாக நிறுத்தினால் நீங்கள் பாக்கிக்காரர். ஏர்கான், பூட்டு, பெயின்ட் என்று எதிர்க்கணக்கு நீளும். அதையே அவர் ஒப்புக்கொண்டு செய்தால் சமரசம். ஆகவே, சமரசமாகப் போங்கள்: "மாதக் கடைசியில் காலி செய்கிறேன், இந்த மாத வாடகைக்கு டெபாசிட் ஈடு, இருவருக்கும் பாக்கியில்லை." அவர் "சரி" என்று எழுதட்டும். வெளியேறும் நாளில் அறையைப் படமெடுத்து, சாவி கொடுத்ததையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த அறை மலிவாகக் கிடைத்தால் உடனே பேநவ்வில் பணம் அனுப்பாதீர்கள். உரிமையாளர் பெற்ற வீவக அனுமதியில் உங்கள் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு பணம். வீவக வீட்டில் குறைந்தது 6 மாதம் என்பது விதி; "மூன்று மாதம் இருந்து பாருங்கள்" என்பவரிடம் அனுமதி இருக்காது. ஏஜென்ட் தன் கணக்குக்கு வாடகையோ டெபாசிட்டோ அனுப்பச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தை அவர் தொடவே கூடாது.