டஸ்டீஸ் கேட்கும் பெரியவர்களோடு பேச

தம்பி, சிகாகோ கிடங்கில் கூட வேலை பார்க்கும் கறுப்பினப் பெரியவர்கள் பழைய காதல் பாட்டுப் போட்டுச் சிரித்துப் பேசுகிறார்கள், பாதி விளங்கவில்லை, எப்படிச் சேர்ந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் 'டஸ்டீஸ்' என்பது 60, 70களின் சோல் பாட்டுகளை, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டுகளை. தூசி படிந்த இசைத்தட்டு என்ற பொருளில் வந்த பெயர். எதைக் கேட்டாலும் "மோட்டவுனா?" என்று கேட்டுவிடாதீர்கள். அது டெட்ராய்ட் நகரத்தில் தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனி. சை-லைட்ஸ் பாட்டுக்குழு, பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட் எல்லாம் சிகாகோ. அங்கிருந்து தொடங்கினால் பேச்சு தானாக வளரும்.

அகராதி இங்கே கைகொடுக்காது. சொல் அப்படியே இருக்கிறது, பொருள் நகர்ந்துவிட்டது. 'ராப்' என்பதையே எடுங்கள். 1970 வாக்கில் அது ஒரு பெண்ணிடம் இனிக்க இனிக்கப் பேசுவது. நம் ஊர்க் கடலை போடுவதுதான். (அதுவும் இப்போது பழைய சொல்லாகி வருகிறது.) பாடகர் ஐசக் ஹேஸ் 1969இல் 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' பாட்டை 18 நிமிடத்துக்கு மேல் நீட்டினார், பாடத் தொடங்குமுன் பல நிமிடம் வெறும் பேச்சு. ராப் என்றால் அதுதான். 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டு வந்து சொல்லை வேறு இசைக்குக் கொண்டுபோய்விட்டது. ஆகவே பெரியவர் ஒருவர் "அவளிடம் ராப் பண்ணினேன்" என்றால் பாடிக் காட்டச் சொல்லாதீர்கள்.

ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் 1972 பாட்டான 'ஐம் ஸ்டோன் இன் லவ் வித் யூ'வில் வரும் 'ஸ்டோன்' கல்லும் இல்லை, போதையும் இல்லை. 'முழுக்க முழுக்க' என்ற அழுத்தம். ஒருத்தியை 'ஃபைன்' என்றால் நலம் அல்ல, அழகி. 'ஜைவ்' புளுகு. 'க்ரிப்' வீடு, இது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இவை காதுக்கு மட்டும். புதிதாக வந்தவர் அவர்களுடைய இழுவையோடு பேசிக் காட்டினால் கிண்டல் என்றே எடுத்துக்கொள்வார்கள். "இது எந்த வருஷத்துப் பாட்டு?" என்று கேளுங்கள், போதும். அதுவும் பாட்டு முடிந்த பிறகு. சை-லைட்ஸின் 'ஹேவ் யூ சீன் ஹெர்' தொடக்கத்தில் வரும் பேச்சை அவர்கள் கூடவே சொல்லுவார்கள், நடுவில் புகாதீர்கள்.

'ஸ்டெப்பர்ஸ் செட்'டுக்குக் கூப்பிட்டால் அது நடன விருந்து. இஸ்திரி போட்ட சட்டை வேண்டும். ஜோடிகள் நேர்க்கோட்டில் ஆடுவார்கள், குறுக்கே நடக்கக் கூடாது. ரப்பர் அடி ஷூ சுழலும்போது தரையைப் பிடித்து முழங்காலைத் திருகும். தோல் அடி ஷூ போட்டுப் போங்கள்.