கட்டுப் பிரித்த காலை ஊன்றலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. வழுக்கி விழுந்ததில் கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தோம். பிரித்துப் பார்த்தால் கெண்டைக்கால் சூம்பிக் கிடக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றி நடக்கட்டும் என்கிறார். உறவினர்களோ இன்னும் ஒரு மாதம் படுத்திருக்கட்டும் என்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. இனிமேல் படுத்திருந்தால் எலும்பு தேயத்தான் செய்யும்.

எலும்பைப் பலரும் உயிரில்லாத தூண் மாதிரி நினைக்கிறோம். அதற்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் நிறைந்திருக்கின்றன. எலும்பிலுள்ள செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். சின்னஞ்சிறு குழிகளில் உட்கார்ந்து, திரவம் நிரம்பிய நுண்குழாய்கள் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நாம் அடி வைக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது, அந்தத் திரவம் நகர்கிறது. செல்லுக்கு உணவும் அதில்தான் வருகிறது, ‘வேலை இருக்கிறது’ என்ற சேதியும் அதில்தான் வருகிறது. எலும்பு கட்டுவதற்குத் தடைபோடும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அப்போது இச்செல்கள் குறைத்துவிடும். பாரமே விழாவிட்டால் அந்தப் புரதம் கூடும். செல்களில் சில மடியும். எலும்பை அரிக்கும் செல்கள் அங்கே வந்து சேரும். எடையற்ற விண்வெளியில் தங்கியவர்களுக்கு இடுப்பெலும்பில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்தது இதனால்தான்.

அப்படியானால் ஆறு வாரக் கட்டு வீணா? இல்லை. முறிந்த இடம் அதிகமாக ஆடினால் புதிதாக முளைக்கும் செல்கள் கிழிந்து, எலும்பாகாமல் நார்த்திசுவாக நின்றுவிடும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

எவ்வளவு ஊன்றுவது? 1984இல் ரூபின், லேன்யன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பறவைகளின் இறக்கை எலும்பில் செய்த சோதனையில், நாளுக்கு 36 முறை பாரம் கொடுத்ததே எலும்பை வளர்த்தது. 1,800 முறை கொடுத்தும் அதைவிடப் பெரிய லாபமில்லை. அசையாமல் அழுத்திவைத்த பாரத்தாலும் பயனில்லை. ஆகவே அம்மா ஒரே மூச்சில் அரைமணி நடக்க வேண்டாம், நின்றுகொண்டே இருக்கவும் வேண்டாம். வாக்கர் பிடித்து ஐந்து நிமிடம், பிறகு ஓய்வு, சில மணி கழித்து மறுபடியும். எத்தனை கிலோ ஊன்றலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, எடை பார்க்கும் மெஷின்மேல் அந்தக் காலை வைத்து அழுத்திப் பழகச் சொல்லுங்கள். அளவு காலுக்கே பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. தசை சில வாரங்களில் தேறத் தொடங்கிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். கால் தெம்பாகிவிட்டதே என்று மாடிப்படி ஏறத் தோன்றும் நாட்கள்தான் ஆபத்தானவை. நடந்த வலி மறுநாளும் போகவில்லை என்றால் அளவைக் குறையுங்கள்.

எண்ணெய் லேசாகத் தடவலாம். அழுத்தி உருவக் கூடாது. மாவுக்கட்டுக்குள் இருந்த காலில் ரத்தம் உறைந்திருக்க வாய்ப்புண்டு. உருவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: நின்ற நிலையில் வழுக்கியதற்கே எலும்பு முறிந்திருக்கிறது. இந்த வயதில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி பரிசோதனையும் எடுத்துவிடுவது நல்லது.