ரஷ்ய நாவல்களைப் படிக்காதவர்கள் ‘லவ் அண்ட் டெத்’ படத்தை ரசிக்க முடியுமா?

சிரிக்கலாம். ஆனால் படத்தின் ஆகச் சிறந்த இடம் கைநழுவிப் போய்விடும். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கும் முதல் தடவை அப்படித்தான். புரியவைத்தவர் என் அப்பா.

டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலை மூன்று முறை படித்தவர் அவர். எம்.ஏ. சுசீலாவின் தஸ்தயேவ்ஸ்கி மொழிபெயர்ப்புகள் தலைமாட்டிலேயே கிடக்கும். ரஷ்ய நாவல்களைக் கேலி செய்து அமெரிக்க இயக்குநர் வூடி ஆலன் 1975இல் எடுத்த இந்த நகைச்சுவைப் படத்தைப் போட்டபோது ஆங்கில வசனம் அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் நாயகன் போரிஸும் அவன் மனைவி சோன்யாவும் நெப்போலியனைக் கொல்லக் கிளம்பியதுமே, “இது பியேர் போட்ட திட்டமாச்சே” என்றார். டால்ஸ்டாயின் பியேர் 1812இல் மாஸ்கோவில் அதே நினைப்போடுதான் அலைவான்.

சிறைக் காட்சியில் போரிஸும் அவனைப் பெற்றவரும் ஊர்வம்பு பேசுவார்கள். பக்கத்து வீட்டு ரஸ்கோல்னிகோவ் இரண்டு பெண்களைக் கொன்றுவிட்டானாம் என்று தொடங்கி, கரமசோவ் சகோதரர்கள், அசடன், சூதாடி என்று பேச்சு முழுக்கத் தஸ்தயேவ்ஸ்கியின் பாத்திரங்களும் நாவல் தலைப்புகளும். பெயர்கள் காதில் விழுந்ததும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் மரண தண்டனை. கடைசி நேரத்தில் மன்னிப்பு வரும் என்று போரிஸிடம் ஒரு தேவதூதர் சொல்கிறார். “வந்துரும்டா, அவருக்கே வந்துச்சே” என்றார் அப்பா. 1849 டிசம்பரில் தஸ்தயேவ்ஸ்கியைச் சுட்டுக்கொல்ல மைதானத்துக்குக் கொண்டுபோய், கடைசி நிமிடத்தில் தண்டனையை மாற்றி, நான்கு வருடக் கடும் உழைப்புக்குச் சைபீரியா அனுப்பினார்கள். படத்தில் மன்னிப்பு வரவில்லை. சுட்டுவிடுகிறார்கள். வெள்ளைத் துணி போர்த்திய மரணத்தோடு போரிஸ் ஆடிக்கொண்டே போவதை அப்பா சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்துக்கு ஒலிப்பது ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் இசை. 1934இல் வெளிவந்த, ஜார் கால அதிகாரிகளைக் கேலி செய்த ஒரு சோவியத் படத்துக்காக அவர் எழுதியது. இதையெல்லாம் தேடித்தேடிக் கோத்த வூடி ஆலனுக்கு அந்த இலக்கியத்தின் மேல் எவ்வளவு காதல் இருந்திருக்க வேண்டும்!

மகான்களைக் கேலி செய்யலாமா என்று இங்கே சிலர் வருவீர்கள். தஸ்தயேவ்ஸ்கியே அருமையாகக் கேலி செய்யத் தெரிந்தவர். இயக்குநரின் சொந்த வாழ்க்கைச் சர்ச்சைகளும் எனக்குத் தெரியும். அவருக்காக வாதாட நான் வரவில்லை, படத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அன்று ராத்திரியே அப்பா ‘அசடன்’ எங்கே என்று தேடினார். இல்லை. ஒரு உறவினர் இரவல் வாங்கிப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. கேட்டால், “பழைய புத்தகம்தானே” என்றார். புத்தகம் இரவல் வாங்குகிறவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? ஆயிரம் ரூபாய்க் கடனென்றால் முகம் சுருங்குகிறது, புத்தகத்துக்கு மட்டும் வெட்கமே வருவதில்லை. அப்பாவுக்கு வேறு பிரதி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அவர் பென்சிலில் கோடு போட்டிருந்த பக்கங்கள் போனது போனதுதான்.

சரி, நாவல்கள் எல்லாவற்றையும் படித்து முடிக்கக் காத்திருக்காதீர்கள். ‘அசடன்’ முதல் பாகத்தில், சுட்டுக்கொல்லும் மேடை வரை போய்த் திரும்பிய ஒருவனின் கடைசி ஐந்து நிமிடங்களை யெபன்சின் வீட்டுப் பெண்களிடம் நாயகன் மிஷ்கின் சொல்லும் இடம் வரும். அதை மட்டும் படித்துவிட்டுப் படத்தை மறுபடி போடுங்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.